சம்பந்தி கேட்ட இரண்டாவது டம்ளர்

அப்பு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நேரில் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை முயன்று பார்த்துவிட்டேன். முதல் முறை காளான் கொட்டகை வாசல்வரை வந்தேன். நீ வைக்கோலைப் பிழிந்துகொண்டே "என்னம்மா?" என்றாய். "சோத்துக்கு வெஞ்சனம் என்ன வைக்கட்டும்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். இரண்டாம் முறையும் அதையே கேட்டேன். "காலையிலதானம்மா கேட்ட" என்று சிரித்தாய். மூன்றாம் முறை உன் அப்பா குறுக்கே வந்து ரிமோட்டைக் காணோம் என்று ஆரம்பித்துவிட்டார். சத்துணவுக் கூடத்தில் அத்தனை வருஷம் ஒரு கூட்டத்தையே அதட்டி உட்கார வைத்தவள் நான். பெற்ற பிள்ளையிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். இதை நீ கட்டிக்கொள்ளப் போகிற கௌசல்யாவிடம் காட்டலாம், கல்யாணத்துக்கு வருகிற உன் சித்தி சித்தப்பா முன்னால் சத்தமாகவும் படிக்கலாம். இருந்த வெட்கத்தையெல்லாம் வியாழக்கிழமை நெய்க்காரப்பட்டியில் செலவழித்துவிட்டேன். அந்தக் கதையும் இதில் வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது நீ சொன்னாய்: "கல்யாணம் முடியட்டும்மா, கொட்டகையைப் பிரிச்சிருவோம். உரக் கம்பெனியில கூப்பிட்டிருக்காக, போறேன்." அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. நான் "நல்லதுதானப்பு" என்றேன். நீ படித்து முடித்த நாளிலிருந்து மாதச் சம்பளத்துக்குப் போ, போ என்று உன்னை நச்சரித்தவள் நான்தானே. காளான் வளர்க்கிறவனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று நான் கேட்காத நாள் கிடையாது. கேட்டது கிடைத்துவிட்டது, சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் அது எப்படிக் கிடைத்தது என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. தெரிந்துகொண்ட பிறகு கொட்டகையை வைப்பதும் பிரிப்பதும் உன் இஷ்டம். தெரியாமல் நீ பிரித்துவிட்டால், அப்புறம் இந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்காது.

முதலில் என் காபியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கல்யாணமாகி இந்தச் சின்னாளபட்டிக்கு வந்தபோது சீராகக் கொண்டுவந்தவற்றில் எனக்குப் பிடித்தது அந்தப் பித்தளைப் பில்டர் ஒன்றுதான். அப்பா மில்லில் எந்த ஷிப்ட் போனாலும் கிளம்பும்போது ஒரு டம்ளர், வந்ததும் ஒரு டம்ளர். வீட்டுக்கு வருகிறவர்கள் "ஒங்க கையால ஒரு வாய் காபி" என்று கேட்டு உட்காருவார்கள். அந்த ஒரு வாய்க்காகவே வருகிறவர்களும் உண்டு. எனக்கு வேறு பெரிய பெயரெல்லாம் இல்லை அப்பு, நல்ல காபி போடுகிறவள் என்ற பெயர்தான். அதனால்தானோ என்னவோ, எது நல்லபடியாக நடக்க வேண்டுமென்றாலும் அதில் கொஞ்சம் காபியை ஊற்றிவிட வேண்டும் என்று என் புத்தி போகும்.

உன் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை அன்று நடந்ததும் அதுதான். அதுவரை உனக்குக் காலையில் பால்தான். அன்று விடியற்காலையில் எழுந்து நீ புத்தகத்தைத் திறந்ததும் கண் சொருகியது. நான் திக்காக ஒரு டம்ளர் காபி போட்டுக் கொடுத்தேன். நீ சுறுசுறுப்பானதைப் பார்த்துவிட்டு இன்னொன்று. கிளம்பும்போது இட்லி வேண்டாம், வயிறு என்னவோ போல இருக்கிறது என்றாய். அப்போதும் மூன்றாவது டம்ளரைக் கையில் திணித்தவள் நான். மத்தியானம் நீ வெளுத்துப்போய் வந்து நின்றாய். "கை நடுங்குச்சும்மா, நம்பரே எழுத முடியல" என்றாய். பக்கத்து வீட்டு நர்ஸ் அக்காவிடம் சொன்னபோது, "வெறும் வயித்துல பச்சப்புள்ளைக்கு இம்புட்டுக் காபியா குடுப்பாக?" என்று திட்டினாள். எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் மார்க் வந்து ஊரார் கேட்டபோது, "கடைசி நேரத்துல பயந்துட்டான்" என்றுதான் சொன்னேன். எல்லாரிடமும் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன். அதை நீ நம்பிவிட்டாய். வங்கிப் பரீட்சை, கவர்மெண்ட் பரீட்சை என்று எது வந்தாலும் "எனக்குப் பரீட்சைன்னாலே பயம்மா" என்று நீ ஒதுங்கியபோதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும். நீ பயந்தாங்கொள்ளி இல்லை அப்பு. அன்று உன் கையை நடுங்க வைத்தது நான் கொடுத்த காபி. இதை இத்தனை வருஷம் கழித்துச் சொல்வதற்கு என்னை மன்னித்துக்கொள்.

அந்தப் பரீட்சை கவிழ்ந்ததால்தான் நீ இன்ஜினியரிங் போகாமல் காந்திகிராமத்தில் விவசாயம் படிக்கப் போனாய், காபியையும் தலைமுழுகினாய். அங்கிருந்து ஒரு பையில் காளான் வித்தைத் தூக்கிக்கொண்டு வந்து, மாட்டுக் கொட்டகையை எனக்குக் கொடு என்று நின்றாய். வைக்கோலை வேகவைத்து, ஆறவைத்து, பாலிதீன் பையில் அடுக்கி, வித்தைத் தூவி, உறி மாதிரி வரிசையாகத் தொங்கவிட்டாய். நம் ஊர் வெயிலுக்குக் காளானா என்று நான் கேட்டேன். முதல் தடவை நான் கேட்டதுபோலவே பச்சைப் பூசணம் பிடித்துப் பை பையாகக் குப்பைக்குப் போயிற்று. நான்கூட மனசுக்குள் அப்பாடா என்றுதான் நினைத்தேன். உன் அப்பாதான் சுற்றிலும் சாக்குப் படுதாவைக் கட்டி, ரிட்டயர் ஆன மனுஷன் நாளுக்கு நாலு தடவை அதில் தண்ணீர் அடித்து, அந்தச் சித்திரையைக் கடத்திவிட்டார். பிறகு ஒரு நாள் பையின் ஓட்டை வழியாகச் சிப்பி சிப்பியாக வெள்ளையாக மலர்ந்திருந்ததைப் பார்த்து அவர் என்னைக் கூப்பிட்ட கூப்பாட்டில் பாம்புதான் வந்துவிட்டது என்று கம்போடு ஓடிவந்தேன்.

விற்றது போக மிஞ்சிய காளானைக் காயவைத்து, வாசம் வர வறுத்து, சுக்கு, மிளகு, மல்லி, பட்டை, ஏலக்காய் எல்லாம் சேர்த்து நீ பொடி அரைத்தாய். நாட்டுச் சர்க்கரையும் பாலும் சேர்த்துக் காபிக்குப் பதிலாகக் குடிக்கலாம் என்றாய். நான் ஒரு வாய் குடித்துவிட்டு, "ரசத்துல பால ஊத்துன மாதிரி இருக்கு" என்றேன். உன் முகம் விழுந்துவிட்டது. அப்புறம் நீ ஒரு மாதம் மாற்றி மாற்றி அரைத்து, ருசியை ஒரு நிலைக்குக் கொண்டுவந்தாய். நாக்கில் முதலில் பட்டையின் இனிப்பு, தொண்டையில் இறங்கும்போது மிளகின் சூடு, கடைசியில் வறுத்த காளானின் மணம். நன்றாகத்தான் இருந்தது. நான்தான் வாயைத் திறந்து சொல்லவில்லை. கடைக்காரர் ஒருவர், சர்க்கரை குணமாகும், மூட்டுவலி போகும் என்று பாக்கெட்டில் போடு தம்பி, பறந்து போகும் என்றார். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே. உள்ளுக்குள்ள என்ன இருக்கோ அதத்தான் போடுவேன்" என்று சொல்லிவிட்டாய். சாமான்களின் பெயரை வரிசையாகப் போட்டு, அடியில் 'காபி, சிக்கரி எதுவும் இல்லை' என்று அச்சடித்தாய். பிழைக்கத் தெரியாத பிள்ளை என்று அன்றைக்கு அப்பாவிடம் முணுமுணுத்தேன்.

இப்போது அதற்குச் சில வாரம் முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நெய்க்காரப்பட்டியிலிருந்து கௌசல்யா வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த நாள். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். சம்பந்தம் பிடித்திருந்தால்தான் பெண் வீட்டார் கை நனைப்பார்கள். டம்ளரைத் தொடாமல் எழுந்தால், தொட்டுவிட்டுக் கீழே வைத்தால், பேச்சு அதோடு சரி. நீ முதல் நாளே சொன்னாய்: "கௌசல்யா அப்பாவுக்குக் காபி ஆகாதும்மா. நெஞ்சு படபடன்னு வருதுன்னு டாக்டர் நிப்பாட்டச் சொல்லிட்டாரு. நம்ம பொடியவே போட்டுருவோம். எல்லாருக்கும் அதுதான்." மனுஷர் ஒரு வாய் வைத்து முகத்தைச் சுளித்துவிட்டால்? அம்புட்டுத் தூரத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தவர்கள் டம்ளரை அப்படியே வைத்துவிட்டால்? உனக்கு வந்த எத்தனையோ வரன் காளான் என்ற பேச்சைக் கேட்டதுமே நின்றுபோயிருந்தது. இந்தப் பெண் ஒருத்திதான் உன்னோடு பேசி, உன் கொட்டகைப் படத்தையெல்லாம் பார்த்து, சரி என்றவள். அதை ஒரு டம்ளரில் கெடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை.

வேன் வந்து நின்றதும் நீயும் அப்பாவும் வாசலுக்குப் போனீர்கள். அடுப்பில் உன் காளான் பானம் கொதித்து அடங்கியிருந்தது. எனக்கென்று காலையில் போட்ட டிகாஷன் பில்டர் நிறைய இறங்கி நின்றது. நான் யோசிக்கக்கூட இல்லை அப்பு. பில்டரைத் திறந்து அவ்வளவையும் உன் பானத்தில் கவிழ்த்து, கரண்டியால் ஒரு சுற்று சுற்றிவிட்டேன். அவருக்குக் காபி ஆகாது என்று தெரிந்தேதான் செய்தேன். ஒரு நாளைக்குக் குடித்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். பட்டை வாசமும் சுக்கு வாசமும் சேர்ந்து காபி வாசத்தை அமுக்கிவிட்டன. நீ காபியே குடிக்காதவன், உன் நாக்குக்கும் தெரியவில்லை.

அப்புறம் நடந்ததுதான் உனக்கே தெரியுமே. சம்பந்தி ஒரு வாய் குடித்தார். டம்ளரைப் பார்த்தார். மறுபடி ஒரு வாய். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "ஏனுங்க மாப்பிள்ளை, இன்னொரு டம்ளர் கெடைக்குமுங்களா?" என்றார். மாப்பிள்ளை என்று அவர் வாயிலிருந்து வந்த முதல் தடவை அது. உன் முகத்தில் வந்த அந்தச் சிரிப்பை நீ பிறந்த நாளிலிருந்து நான் பார்த்ததில்லை. பெண் கிடைத்த சிரிப்பு பாதி, உன் பொடி ஜெயித்த சிரிப்பு பாதி. நீயே ஓடிவந்து எடுத்துக்கொண்டு போனாய். சமையலறையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நான் செய்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலமே போன் வந்தது. வேன் ஆயக்குடி தாண்டும்போது அவருக்கு நெஞ்சு படபடவென்று வந்து, வேர்த்து, பழனியில் ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று அந்த டாக்டர் அனுப்பிவிட்டார். ஆனால் சம்பந்தி தன் வீட்டில், "அந்தக் காளான் நமக்குச் சேரலீங்க போல" என்று சொல்லியிருக்கிறார். கௌசல்யா அதை உன்னிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாளே நீ கடைகளுக்குப் போய் பாக்கெட்டுகளை எல்லாம் திரும்ப எடுத்து வந்துவிட்டாய். "ஒருத்தருக்கு வந்துச்சுன்னா இன்னொருத்தருக்கு வராதுன்னு நான் எப்படிம்மா சொல்றது?" என்றாய். மிளகால் இருக்குமோ என்று மிளகை எடுத்தாய். பட்டையை எடுத்தாய். காளானைக் குறைத்தாய். ஒவ்வொன்றையும் நீயே குடித்துப் பார்த்து, கையை மணிக்கட்டில் வைத்து நாடியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கடைசியில் அது மல்லித் தண்ணீராகிப் போனது. உன் அப்பா மட்டும் "ஏலே, நல்லாத்தான்டா இருக்கு" என்று பொய் சொல்லிக்கொண்டே குடித்தார். நீ ஒரு நாள் என்னிடம், "எனக்கு எதுவுமே சரியா வராதும்மா" என்றாய். கணக்குப் பரீட்சை முடிந்து வந்து நின்ற அதே முகம்.

இருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை என்றால் என்னை என்னவென்று சொல்வது? ஒரு பக்கம் பயம். சம்பந்தம் முறிந்துவிட்டால் என்ன செய்வது என்று. இன்னொரு பக்கம், மறைக்காமல் சொல்கிறேன், ஆசை. இப்படியே விட்டால் நீ வேலைக்குப் போய்விடுவாய். போன ஞாயிற்றுக்கிழமை நீ அதைச் சொன்னதும்தான் எனக்கு உறைத்தது. என் பிள்ளை தன் கையையே நம்பாமல் மாதச் சம்பளத்துக்குப் போகிறான். அதைப் பார்க்கவா நான் அத்தனை நச்சரித்தேன்?

அதனால்தான் வியாழக்கிழமை "பழனிக்குப் போயிட்டு வாரேன்" என்று கிளம்பினேன். பழனிக்குப் போனது நிஜம்தான், அங்கே இறங்கி நெய்க்காரப்பட்டி பஸ் ஏறினேன். உன் பழைய பாக்கெட் ஒன்று என் அலமாரியில் கிடந்தது, நீ மிளகை எடுப்பதற்கு முன்னால் அரைத்தது. அதைப் போட்டுப் பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு போனேன். கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் தனியாக வந்து நின்றால் பெண் வீட்டில் எப்படி இருக்கும்? சம்பந்தியம்மா ஈரக்கையோடு ஓடிவந்தார்கள். "ஏனுங்க சம்பந்தி, ஏதாச்சும் தப்பாப் போச்சுங்களா?" என்று கேட்டபடியே நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். "தப்புதான். நான்தான் செஞ்சேன்" என்று சொல்லி, உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

சம்பந்தி கரும்புக் காட்டிலிருந்து அப்போதுதான் வந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். துடைத்த துண்டை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. பார்த்தால் தோள் குலுங்குகிறது. ஐயோ, அழுகிறாரா என்று பயந்துபோனேன். மனுஷர் சிரிக்கிறார். "அதானே பாத்தனுங்க! ஒரு வருசமா நாக்குல படாத ருசி, மொத வாயிலயே தெரிஞ்சு போச்சுங்க. அதுக்குத்தானுங்க ரெண்டாவது டம்ளர் கேட்டேன்" என்றார். சம்பந்தியம்மா அவர் பக்கம் திரும்பிய வேகத்தில் நான் ஒரு அடி பின்னால் போனேன். "தெரிஞ்சேதான் குடிச்சீங்களா? அப்பறம் எதுக்குங்க காளான் சேரலேன்னீங்க?" "காபி குடிச்சேன்னு சொன்னா நீ சும்மா உடுவியா?" என்றார் அவர், சின்னப் பிள்ளை மாதிரி. ஆக, அன்று அந்த டம்ளரில் என்ன இருந்தது என்று இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கிறது. நான் மருமகளுக்கு ஆசைப்பட்டு மறைத்தேன், அவர் காபிக்கு ஆசைப்பட்டு மறைத்தார். பழி மட்டும் உன் காளான் தலையில் விழுந்தது.

பிறகு பிளாஸ்க்கைத் திறந்து அவருக்கு ஊற்றிக் கொடுத்தேன். குடித்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து இன்னொரு டம்ளர் குடித்தார். நான் நாலு மணிவரை அங்கேயே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காட்டுக்குப் போனார், வந்தார், மாட்டுக்குச் சோளத்தட்டை போட்டார். "ஒண்ணுமில்லீங்க. படபடப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆனா காபி மாதிரி இல்லீங்க. இது வேற. அதும்படிக்கு நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார். அந்த வார்த்தையை உனக்கு அப்படியே கொண்டுவர வேண்டும் என்று பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன்.

கிளம்பும்போது கௌசல்யா பஸ் ஏற்றிவிட வந்தாள். பஸ் வந்ததும் கேட்டாள்: "அத்தை, அவருகிட்டச் சொல்லீட்டீங்களா?" இல்லை என்றேன். "அப்ப நானும் சொல்ல மாட்டேனுங்க. ஆனா நீங்க சொல்லோணும், அத்தை. அவரு தன்னையவே குத்தஞ்சொல்லிக்கிட்டு இருக்காரு" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாள் உனக்கு ஒரு நல்ல பெண் கிடைக்க வேண்டுமே என்று கவலைப்பட்டேன். இப்போது அந்தக் கவலை போய்விட்டது. அவளுக்கு நான் நல்ல மாமியாராக இருக்க வேண்டுமே என்பதுதான் இனிமேல் என் கவலை.

கல்யாணமாகப் போகிற பிள்ளைக்கு அம்மா நாலு புத்திமதி சொல்ல வேண்டும். என்னிடம் ஒன்றுதான் தேறுகிறது. அவளிடம் ஏதாவது தப்புச் செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. நாள் ஆக ஆகத் தப்பு பெரிதாவதில்லை, சொல்வதுதான் கஷ்டமாகிக்கொண்டே போகிறது. இன்னொன்றும் சொல்லிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே: காபி குடிக்கிறவர்களைப் பார்த்து முகத்தைச் சுளிக்காதே. அது உன் மாமனாருக்கும் சேர்த்துத்தான். நானும் காலையில் என் காபியை விடப்போவதில்லை. சாயங்காலம் உன்னுடையதைக் குடிக்கிறேன். இந்த மூன்று நாளும் நீ கொட்டகையில் இருக்கும்போது அதைத்தான் குடித்தேன், பிடித்துத்தான் குடித்தேன்.

உரக் கம்பெனிக்குப் போவதென்றால் போ, நான் தடுக்கவில்லை. உனக்கு எதுவும் சரியாக வராது என்று நினைத்துப் போகாதே, அது பொய். கொட்டகையில் மிளகு டப்பா காலியாகக் கிடந்தது. இன்று காலையில் சிறுமலை மிளகாகப் பார்த்து வாங்கி அதை நிரப்பி, அதன்மேல்தான் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். படித்து முடித்ததும் சமையலறைக்கு வா. கோபம் இருந்தால் கோபத்தோடேயே வா. உன் பழைய அளவுப்படி உனக்கும் எனக்குமாக இரண்டு டம்ளர் போட்டு வைத்திருப்பேன். பில்டரைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். காய்ந்திருக்கிறதா என்று நீயே தொட்டுப் பார்த்துவிட்டுக் குடி.

அம்மா